ஒரு முழம் பெரிதான உலகம்

பிரபஞ்சத்தின் அளவையும் வடிவையும் பற்றி நம்மவர் எழுதும் கட்டுரைகள் பலவற்றுக்கு ஒரு பொது அமைப்பு உண்டு. முதலில் ஒரு விஞ்ஞானக் கண்டுபிடிப்பு. அடுத்து அதற்கு இசைவான ஓர் இறைவசனம். முடிவில், நம் முன்னோர் இதை அன்றே அறிந்திருந்தனர் என்ற பெருமிதம். இவ்வரிசையில் இமாம் கஸ்ஸாலியும் (1058–1111) சாட்சியாக அழைக்கப்படுவதுண்டு. அவரது 'தஹாஃபுதுல் ஃபலாஸிஃபா'வை ஊன்றிப் படித்தால் அச்சாட்சியம் நிற்குமா என்பதே நம் கேள்வி.

உலகம் தொடக்கமற்றது என்னும் தத்துவவாதிகளின் கொள்கையை மறுக்குமிடத்தில் இமாம் அவர்கள் ஒரு வினாவை எழுப்புகிறார். மேலான வான்கோளத்தை இப்போதுள்ளதைவிட ஒரு முழம் பெரிதாகப் படைக்க இறைவனால் இயலுமா? இயலாதெனில் அவனது ஆற்றலுக்கு வரம்பிட்டதாகும். இயலுமெனில் இரண்டு முழம், மூன்று முழம் என அது நீளும். உலகுக்கு அப்பாலும் அளக்கத்தக்கதொன்று இருந்தாக வேண்டும். தத்துவவாதிகளோ அந்த 'அப்பால்' வெறும் கற்பனை மயக்கம் என்பவர்கள். அவ்வாறாயின் உலகுக்கு 'முன்' இருந்ததாக அவர்கள் கூறும் காலமும் அதே மயக்கமே என்று இமாம் அவர்களை மடக்குகிறார்.

இது எதிராளியின் வாதத்தை அவர்மீதே திருப்பும் தர்க்கம். வானத்தை அளந்து கண்ட முடிவன்று. பிரபஞ்சம் விரிவடைவதை இமாம் முன்னறிவித்தார் என்று இதிலிருந்து பெறுவது அந்நூலுக்கு இழைக்கும் அநீதியாகும். 'தஹாஃபுதுத் தஹாஃபுத்'தில் இதற்கு மறுமொழி தந்த இப்னு ருஷ்தும் (1126–1198), முடிவற்ற பருமன் இருக்கவியலாது என்ற அரிஸ்டாட்டிலின் நிலையிலிருந்தே பேசினார். எல்லையுள்ள கோள வடிவான உலகமே அவ்விவாதத்தின் களம்.

அக்களம் எவ்வளவு பெரிது? ஒன்பதாம் நூற்றாண்டு வானியலறிஞர் அல்ஃபர்கானி, சனிக்கோளின் உச்சத் தொலைவை, அதாவது விண்மீன்கள் தொடங்கும் எல்லையை, புவி ஆரத்தைப் போல் 20,110 மடங்கு எனக் கணித்தார். இன்றைய புவி ஆரமான 6,371 கிலோமீட்டரைக் கொண்டு பெருக்கினால் ஏறத்தாழ 12.8 கோடி கிலோமீட்டர் வரும். சூரியனோ நம்மிலிருந்து சுமார் 15 கோடி கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. அவர்களது முழு வானமும் நமது சூரியனைக்கூட எட்டவில்லை. இன்று நோக்கத்தக்க பிரபஞ்சத்தின் ஆரமே சுமார் 4,600 கோடி ஒளியாண்டுகள். இதனால் அல்ஃபர்கானியின் மதிப்புக் குறையாது. தம் கையிலிருந்த தாலமியின் மாதிரியைக் கொண்டு நேர்மையாகக் கணக்கிட்டவர் அவர்.

வடிவம் பற்றிய வினா இன்னும் முடியவில்லை. 2009 முதல் 2013 வரை இயங்கிய பிளாங்க் விண்கலத்தின் தரவுகளைப் பிற அளவீடுகளுடன் சேர்த்து நோக்கினால் வெளியின் வளைவு பூச்சியத்தை ஒட்டியே உள்ளது. எனினும் தட்டையான வெளி முடிவற்றதாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. அது தன்மீதே மடிந்து, எல்லை விளிம்பின்றியே அளவுள்ளதாக இருக்கலாம். 2003இல் லூமினே குழுவினர் பன்னிரு முகங்கொண்ட, அளவுள்ள பிரபஞ்சமொன்றை முன்மொழிந்தனர். பின்வந்த தேடல்களில் அதற்கு ஆதரவு கிட்டவில்லை. அன்று ஒருவர் அவ்வடிவுக்கு ஒரு வசனத்தைப் பொருத்தியிருந்தால் இன்று எதைத் திரும்பப் பெறுவார்?

கிரகணக் கணிதத்தை மார்க்கத்தின் பெயரால் மறுப்போர் மார்க்கத்துக்கே தீங்கிழைக்கின்றனர் என இமாம் அதே நூலின் முன்னுரையில் எச்சரித்திருக்கிறார். மாறும் கோட்பாட்டை மார்க்கத்துக்கு முட்டுக்கொடுப்போருக்கும் அவ்வெச்சரிக்கை பொருந்தும் என்றே நாம் கருதுகிறோம்.