வைத்தியக் கல்வியிற் சலனப்படம்

வைத்தியக் கல்விக்குச் சலனப்படம் பெருந்துணை என்பது இக்காலத்து எல்லாரும் ஒப்பிய கருத்து. ஆயின், எவ்வகைப் படம் எதனைக் கற்பிக்கும் என ஆராய்வார் சிலரே.

உருமேனிய நரம்பியல் வல்லுநர் மரினெஸ்கு 1898 முதல் 1901 வரை நடைகெட்ட நோயாளரைப் படம் பிடித்தார். பக்கவாதமுற்றவன் காலை வட்டமாக வீசி நடக்கும் நடையை எத்துணைச் சொற்பெருக்காலும் உணர்த்துதல் அரிது. சிறு படமொன்று உணர்த்திவிடும். ஈண்டு அசைவே நோய்க்குறி. ஆதலின் படமே தக்க நூல். 1909 இல் பாரிஸ் நகரிற் கொமண்டொன் நுணுக்குக்காட்டியுடன் படக்கருவியை இணைத்து, மேகநோய்க் கிருமி நெளிந்தோடுவதைக் காட்டியதும் இத்தகையதே. சாயமூட்டிய உயிரற்ற கிருமியிடம் அவ்வியக்கத்தைக் காணுதல் இயலாது. இருதய வாயில்கள் திறந்து மூடுவதைக் காட்டும் அசையுஞ் சித்திரங்களும் பயனுடையனவே. எனினும், மெய்யான உடல் அத்துணைத் தெளிவாகத் தன்னைக் காட்டுவதில்லை.

சத்திரசிகிச்சைப் படமோ வேறு. 1898 இல் தம் சிகிச்சைகளைப் படமெடுக்கத் தொடங்கிய பிரெஞ்சு வைத்தியர் துவாயன், அவற்றைத் திரையிற் கண்டு தம் முறைகளைத் திருத்திக்கொண்டதாகக் கூறினார். அப்படத்தாற் பெரிதும் கற்றவர் அதிற் தோன்றியவரே என்பது கருதத்தக்கது. இன்று மாணாக்கர் காணும் மாதிரிப் படங்கள் பலவற்றிற் குருதிப்பெருக்கும் தயக்கமும் வெட்டி நீக்கப்பட்டுள்ளன. அவற்றைப் பன்முறை கண்டவன், கை பழகாமலே தொழில் வந்துவிட்டதென மயங்குவான். வயிற்றிற் சிறு துளையிட்டுக் கமரா செலுத்திச் செய்யும் சிகிச்சையில், கற்போன் தன் கைவேலையையே பதிவுசெய்து ஆசிரியரோடு இருந்து பார்க்கலாம். பிறர் திறமையைக் காட்டும் பத்துப் படத்தினும் தன் பிழையைக் காட்டும் ஒரு படம் சாலும். ஆசிரியருக்கு நேரமில்லை என்பது இதற்குப் போதிய தடையன்று.

இனி, படத்திற் கிடப்பவர் நிலை. ஒரிசாவிற் பிறந்து மேனாட்டுச் சர்க்கஸிற் காட்சிப்பொருளாயிருந்த ஒட்டிப்பிறந்த சிறுமியர் ராதிகா, தூதிகா என்போரைத் துவாயன் 1902 பெப்ரவரியிற் பிரித்தார். காசநோயுற்றிருந்த தூதிகா சில நாளில் இறந்தாள். ராதிகா அடுத்த ஆண்டு இறந்தாள். படம் பிடித்தோருள் ஒருவர் பிரதிகளை விற்க, கற்பித்தற்கென எடுத்த படம் சந்தைக் கொட்டகைகளில் வேடிக்கையாயிற்று. துவாயன் வழக்குத் தொடர்ந்து 1905 இல் வென்றார். ஆங்கு வழக்காடப்பட்டது படம் யாருடைய உடைமை என்பதே. தீர்ப்பு வந்தபோது சிறுமியர் இருவரும் உயிரோடில்லை.