முடிவு தெரிந்த கதையில் திகில் உண்டா? – கிறித்தவ மர்ம நவீனங்கள் பற்றி ஓர் ஆய்வு

மர்ம நவீனம் என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் முகஞ்சுளிக்கும் தமிழாசிரியர்கள் இன்றும் உளர். மாணவன் பாடநூலுக்குள் மறைத்து வைத்துப் படிப்பது அது. கொலையாளி இன்னான் எனத் தெரிந்தபின் மறுமுறை புரட்டத் தகாதது அது என்பது அவர்தம் துணிபு. அத்துணிபில் உண்மை இல்லாமலில்லை. ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார் ஆகியோர் காலந்தொட்டுத் தமிழில் வந்து குவிந்த துப்பறியும் நவீனங்களுள் இரண்டாம் முறை படிக்கத் தக்கன எவையென எண்ணப் புகுந்தால் ஒரு கை விரல்களே போதும்.

ஆங்கிலத்திலோ, இவ்வகையை மேற்கொண்டு அதற்குப் புதியதோர் உயிர் கொடுத்த எழுத்தாளர் கூட்டம் ஒன்றுண்டு. அவர்கள் கிறித்தவ சமயப் பற்றுடையார். கொலை, களவு, துரத்தல், தப்பியோடல் ஆகிய மர்மக் கதைக்குரிய கருவிகளையே கையாண்டு, பாவம், மனந்திரும்புதல், மன்னிப்பு ஆகியவற்றைப் பேசியவர்கள். இவர்தம் நூல்கள் இருபுறமும் அடிபட்டன. போதனை புகுந்தால் கதை கெடும் என்று இலக்கிய அன்பர்கள் ஒதுக்கினர். இரத்தம் சிந்தும் கதை சமயத்துக்கு அடுக்குமோ என்று பக்தர்கள் ஒதுக்கினர். இவ்விரண்டினும் வலிய வினா வேறொன்று உண்டு. இறைவனே இறுதியில் வெல்வான் என்பது எழுதுவோனுக்கும் படிப்போனுக்கும் முன்னரே உறுதி எனில், அங்கே திகில் எங்ஙனம் பிறக்கும்?

தமிழ் கற்றாருக்கு இவ்வினா புதிதன்று. சிலப்பதிகாரப் பதிகம் கதை முழுவதையும் முன்னரே சொல்லிவிடுகிறது. இருந்தும், கோவலன் ஒற்றைச் சிலம்புடன் மதுரை வீதியில் நடந்து பொற்கொல்லனைக் காணும் இடத்தில் நெஞ்சு பதையாதார் யார்? என்ன நிகழும் என்று அறியாமையால் வரும் திகில் ஒன்று. நிகழப் போவதை அறிந்தும், அதன் முன் நிற்கும் மனிதன் என் செய்வானோ என்று எழும் திகில் மற்றொன்று. முன்னது ஒருமுறை படித்ததும் தீர்ந்துபோகும். பின்னது தீராது. கிறித்தவ மர்ம நவீனங்களுள் நல்லன எல்லாம் பின்னதைப் பற்றி நின்றவை. இந்த உரைகல்லில் உரைத்துப் பார்த்தால் பொன்னும் பித்தளையும் பிரிந்துவிடும்.

முதலில் நிறுத்தத் தக்கவர் ஜி. கே. செஸ்டர்ட்டன் (1874–1936). அவர் படைத்த பாதர் பிரௌன், எஸ்ஸெக்ஸ் நாட்டுப்புறத்துக் குருவானவர், குள்ளர், உருண்டை முகத்தினர், குடையைக் கைதவற விடுபவர். யார்க்‌ஷயர் பகுதியில் பணியாற்றிய ஜான் ஓ’கானர் என்ற கத்தோலிக்கக் குருவே இப்பாத்திரத்துக்கு முன்மாதிரி. 1910-இல் வெளிவந்த முதற்கதை ‘தி புளூ கிராஸ்’. மறு ஆண்டு பன்னிரண்டு கதைகள் ‘தி இன்னொசென்ஸ் ஆஃப் பாதர் பிரௌன்’ என்னும் நூலாயின. முதற்கதையில், நீலக்கற்கள் பதித்த வெள்ளிச் சிலுவையைக் கொண்டுசெல்லும் இவரைப் பிளாம்போ என்ற பெருந்திருடன் குருவேடம் பூண்டு பின்தொடர்கிறான். குருவானவரோ போகும் வழியெல்லாம் உணவுக்கடைச் சுவரில் சூப்பை வீசுகிறார்; உப்பும் சர்க்கரையும் இடம்மாறிக் கிடக்கின்றன; பழக்கடையில் விலைச்சீட்டுகள் மாறிக் கிடக்கின்றன. பைத்தியச் செயல்போல் தோன்றும் இவையெல்லாம், பின்னால் வரும் போலீசாருக்கு இட்ட அடையாளங்கள்.

வேடதாரியை அவர் கண்டுகொண்ட வகைதான் இக்கதையின் சிறப்பு. பேச்சு வாக்கில் அத்திருடன் மனித அறிவு எல்லா உலகங்களிலும் செல்லாது என்பதுபோல் ஒன்று சொல்லிவிட்டான். உண்மையான குரு எவரும் அறிவைப் பழிக்க மாட்டார் என்பது பாதர் பிரௌனின் முடிவு. சமயம் என்றால் அறிவை அடகு வைப்பது என்று எண்ணுவோருக்கு இதைக் காட்டிலும் இனிய மறுமொழி வேறில்லை. அதையும் ஒரு திருட்டுக் கதையின் முடிச்சாகவே வைத்தது செஸ்டர்ட்டனின் திறம். போதனை கதைக்கு வெளியே நிற்கவில்லை. கதையே அதனால்தான் அவிழ்கிறது.

‘தி ஹாமர் ஆஃப் காட்’ என்ற கதை இதனினும் ஆழமுடையது. ஊர்க்கோயிலுக்கு வெளியே ஒழுக்கங்கெட்ட கர்னல் ஒருவர் மண்டை நொறுங்கிக் கிடக்கிறார். அடியோ அரக்கன் அடி, சுத்தியலோ சிறியது. மர்மக் கதையின் முடிவை வெளியிடுவது படிப்போருக்கு இழைக்கும் தீங்கே எனினும், இங்கு அது பொறுத்துக்கொள்ளத் தக்கது. ஏனெனில் முடிச்சு அவிழ்ந்த பிறகே கதை தொடங்குகிறது. கோபுரத்தின் உச்சியிலிருந்து சுத்தியலை நழுவவிட்டவர் கர்னலின் தம்பி. ஓயாது செபிக்கும் திருப்பணியாளர். உயரத்தில் நின்றே செபித்துப் பழகியவர்க்குக் கீழே நடமாடும் மாந்தர் பூச்சிகளாகத் தோன்றிவிட்டனர். தீர்ப்பிடும் உரிமை தமக்குண்டு என நினைத்துவிட்டார். இதைக் கண்டறிந்த பாதர் பிரௌன் காவலரை அழைக்கவில்லை. கோபுரத்திலிருந்து குதிக்கப் போனவரைத் தடுத்து, தம் வாயால் எதையும் வெளியிடப் போவதில்லை என்று கூறி, அடுத்த அடியை அவரிடமே விட்டுவிடுகிறார். குற்றவாளி எழுந்து என் செய்வான்? திகில் முழுவதும் அந்தச் சில வரிகளில்தான் உள்ளது.

ஷெர்லக் ஹோம்ஸ் சுருட்டுச் சாம்பலை ஆராய்ந்து குற்றவாளியை வெளியிலிருந்து அளப்பவர். பாதர் பிரௌன் தம்மையே அக்குற்றவாளியாக எண்ணிப் பார்த்து உள்ளிருந்து காண்பவர். 1927-இல் வந்த தொகுதியில் இம்முறையை அவரே விளக்குகிறார். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் அமர்ந்து மாந்தர் தீவினைகளை ஆண்டுக்கணக்காய்க் கேட்டவர், தாமும் அவற்றைச் செய்யக்கூடியவரே என்று உணர்ந்திருக்கிறார். பிளாம்போ திருட்டை விட்டுத் துப்பறிவோனாய் மாறுவதும் இவ்வுணர்வின் பயனே.

குறையையும் மறைக்காமல் கூறுதல் வேண்டும். அதே முதற்தொகுதியில் உள்ள ‘தி ராங் ஷேப்’ என்ற கதையில் இந்தியத் துறவி ஒருவர் வருகிறார். அவர் கொலையாளியல்லர், எனினும் அவர் நிழல் விழும் இடமெல்லாம் தீமை மணப்பதாகவே செஸ்டர்ட்டன் எழுதுகிறார். கீழை நாட்டுக் கத்தியின் வடிவமே தீயது என்று பாதர் பிரௌன் வாயால் சொல்லவும் வைக்கிறார். எல்லா மனிதருள்ளும் தம்மைக் காண்பவர், இந்தியன் ஒருவனுள் மட்டும் காண மறந்தது ஏனோ! இக்கதையை வகுப்பில் விலக்குவதினும், படிக்க வைத்து இந்தக் கேள்வியை மாணவரையே கேட்கச் செய்வது தக்கது.

இவர்க்கு நண்பரான ரொனால்டு நாக்ஸ் ஆங்கிலிக்கன் பேராயரின் மகன், 1917-இல் கத்தோலிக்கரானவர், பின்னர் விவிலியம் முழுவதையும் ஆங்கிலத்தில் பெயர்த்தவர். அவர் எழுதிய துப்பறியும் நவீனங்கள் மூளைக்கு விளையாட்டு என்பதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் 1929-இல் அவர் வகுத்த பத்து விதிகள் நினைவிற் கொள்ளத் தக்கன. அவற்றுள் ஒன்று, தெய்வச் செயல் அல்லது பேய்ச் செயல் எதனாலும் முடிச்சு அவிழக் கூடாது என்பது. குருவானவர் ஒருவரே இவ்விதியை இட்டார் என்பது வியப்பன்றோ? கதையில் சீனர் எவரும் வரலாகாது என்பது மற்றொரு விதி. சீனர் என்றாலே வில்லன் என எழுதிய மலிவு நவீனங்களை எள்ளவே அது இடப்பட்டது.

அம்மையார் டாரதி சேயர்ஸ் 1934-இல் எழுதிய ‘தி நைன் டெய்லர்ஸ்’ இங்கிலாந்தின் சதுப்பு நிலக் கிராமம் ஒன்றன் கோயில் மணிகளைச் சுற்றி நிகழ்வது. அம்மையாரின் தந்தையார் அப்பகுதியில் மறைப்பணி ஆற்றியவர். ஆதலின் மழையும் மதகும் மணிக்கயிறும் உயிர்பெற்று வருகின்றன. மணியடிக்கும் முறை பற்றிய விளக்கங்கள் நீளமானவை, பொறுமை வேண்டும். வெள்ளம் வந்து ஊர்மக்கள் அனைவரும் கோயிலுக்குள் தஞ்சம் புகும் இறுதிப் பகுதி அப்பொறுமைக்குக் கைம்மாறு. கொலைக்குக் காரணம் யாது என்பதை இங்கு வெளியிடுவதற்கில்லை.

இவ்வகையின் சிகரம் கிரகாம் கிரீன் (1904–1991). 1938-இல் மெக்சிகோ சென்று, தபாஸ்கோ மாநிலத்தில் கோயில்கள் இடிக்கப்பட்டும் குருக்கள் துரத்தப்பட்டும் கிடந்த நிலையைக் கேட்டும் கண்டும் வந்தவர், 1940-இல் ‘தி பவர் அண்ட் தி குளோரி’ என்னும் நவீனத்தை வெளியிட்டார். துரத்தப்படும் குருவானவருக்கு நூலில் பெயரே இல்லை. குடிகாரர், ஒரு பெண் குழந்தைக்குத் தந்தை, கோழை. துரத்தும் போலீஸ் அதிகாரியோ ஒழுக்கமுடையவன். ஏழைக் குழந்தைகள்பால் அன்புடையவன். நல்லவன் கெட்டவனைத் துரத்துகிறான். ஆனால் கெட்டவன் கையில்தான் நற்கருணை இருக்கிறது! இப்படி ஒரு முடிச்சை வேறெந்தத் துப்பறியும் ஆசிரியரும் கட்டியதில்லை.

எல்லை கடந்து உயிர்தப்பிய நிலையில், சாகக் கிடக்கும் கொலைகாரன் ஒருவன் பாவசங்கீர்த்தனம் செய்யக் குருவைத் தேடுகிறான் என்ற செய்தி வருகிறது. கொண்டு வந்தவன் காட்டிக் கொடுப்பவன், விரித்திருப்பது வலை. இது குருவுக்கும் தெரியும், படிப்போருக்கும் தெரியும். கோவேறு கழுதை திரும்பி நிற்கும் திசையைப் பார்த்தபடி அந்தப் பக்கத்தைப் புரட்டும் விரல் நடுங்கும். மறைவான செய்தி ஏதுமின்றியே இத்தனை திகில்!

இந்நூல் குருத்துவத்துக்கு இழுக்கு என்று உரோமைத் திருச்சபை அலுவலகம் 1953-இல் கண்டித்தது. 1965-இல் கிரீனைச் சந்தித்த போப் ஆறாம் பவுல், அவர் நூல்களில் சில பகுதிகள் சிலரைப் புண்படுத்தவே செய்யும், அதைப் பொருட்படுத்த வேண்டா என்னும் கருத்துப்பட மொழிந்தார். நூல் நின்றது. அவருடைய ‘பிரைட்டன் ராக்’ (1938) இன்னும் கடுமையானது. பதினேழு வயதுக் கொலைகாரன் பிங்கி நரகத்தை நம்புகிறான். மோட்சத்தை மட்டும் அவனால் எண்ணிப் பார்க்க முடியவில்லை. பள்ளி மாணவர்க்கு அது வேண்டா, வளர்ந்தோர் படிக்கலாம். கடைசிப் பக்கத்தை முன்கூட்டிப் பார்த்துவிடுவோர் தமக்குத் தாமே கேடு செய்துகொள்வர்.

இனி நம் காலத்துக்கு அண்மையில் வந்தால், அமெரிக்காவில் இவ்வகை பெருவணிகமாகவே வளர்ந்துவிட்டது. அதற்கு வாயில் திறந்தது பிராங்க் பெரெட்டி 1986-இல் எழுதிய ‘திஸ் பிரசன்ட் டார்க்னஸ்’. ஆஷ்டன் என்னும் சிற்றூர். இளம் போதகர் ஒருவர். பத்திரிகை ஆசிரியர் ஒருவர். ஊரை விழுங்கப் பார்க்கும் சதி. இவற்றின் மேலே, மனிதர் கண்ணுக்குப் புலப்படாத வானத்தில் தேவதூதரும் பிசாசுகளும் வாளேந்திப் போர்புரிகின்றனர். கீழே மக்கள் செபிக்குந்தோறும் மேலே தூதர் வலிமை பெறுவர். தொடக்கத்தில் மெல்ல விற்ற இந்நூல், பின்னர் இருபது இலட்சம் படிகளுக்கு மேல் விற்றது.

விரைவு, விறுவிறுப்பு ஆகியவற்றில் பெரெட்டிக்குக் குறை சொல்ல இயலாது. சபையில் பாதிப்பேர் எதிர்த்து நிற்க, வெற்றுக் கோயிலில் தனியே முழந்தாளிடும் போதகரின் தனிமை நெஞ்சைத் தொடும். ஆயினும் மேலே கூறிய உரைகல்லில் இந்நூல் மாற்றுக் குறைகிறது. மனிதன் பொய் சொன்னால் அவன் தோளில் ஒரு பிசாசு. பொறாமைப்பட்டால் இன்னொரு பிசாசு. தவறு செய்வது மனிதனா, பிசாசா? பிசாசு எனில் மனந்திரும்ப வேண்டியவன் யார்? கோபுரத்திலிருந்து சுத்தியலை விட்டவர் தோளில் செஸ்டர்ட்டன் எந்தப் பிசாசையும் உட்கார வைக்கவில்லை. நாக்ஸின் விதிக்குள் இருந்த அறிவும் இங்கே விளங்கும். அன்றியும், கீழை நாட்டுத் தியான முறையை இந்நூல் பிசாசு நுழையும் வாயிலாகவே காட்டுகிறது. பல சமயத்தார் ஒரே வரிசை வீடுகளில் வாழும் மலேசியா, சிங்கப்பூர் போன்ற நாடுகளில் இதைக் கண்ணை மூடிக்கொண்டு இளைஞர் கையில் கொடுப்பதற்கில்லை.

டெட் டெக்கர் இந்தோனேசியாவில் மறைப்பணியாளர் குடும்பத்தில் 1962-இல் பிறந்தவர். அவருடைய ‘த்ரீ’ (2003) பெரெட்டியை விட ஒருபடி மேல். இறையியல் மாணவன் ஒருவனுக்குத் தொலைபேசியில் மிரட்டல் வருகிறது: உன் பாவத்தை வெளிப்படையாக அறிக்கையிடு, இல்லையேல் குண்டு வெடிக்கும். பாவசங்கீர்த்தனமே வெடிகுண்டின் திரியாகிறது, நல்ல கற்பனை. நடை மட்டும் திரைப்பட வேகத்தில் ஓடி மொழியை மறந்துவிடுகிறது.

வாசகர் வட்டத்தில் கூடிப் பேச விழைவோர் செஸ்டர்ட்டனின் முதற்தொகுதியில் தொடங்கிக் கிரீனில் முடிப்பது நலம். பெரெட்டியை இடையில் ஒப்புநோக்குக்கு வைத்துக்கொள்ளலாம். கதையை இறுதிக்கு முன்னதாக நிறுத்தி, கொலையாளி யார் என்று கேட்பதை விடுத்து, இவர் இப்போது செய்யத் தக்கது யாது என்று கேட்டால், பேசாத மாணவனும் பேசுவான்.

ஒன்று எஞ்சியுள்ளது. செஸ்டர்ட்டன் மறைந்து எழுபது ஆண்டுகள் கடந்துவிட்டமையின் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் அவர் எழுத்துக்குப் பதிப்புரிமைத் தடை கிடையாது. ‘தி ஹாமர் ஆஃப் காட்’ ஒன்றையேனும் நல்ல தமிழில் பெயர்க்க முன்வரும் ஆசிரியருக்கு வழி திறந்தே இருக்கிறது. பெயர்ப்போர் முதலில் முட்டிக்கொள்ளும் இடம் ‘பாதர்’ என்னும் விளி. கத்தோலிக்கர் ‘சாமி’ என்பர். ஏட்டுத் தமிழ் ‘குருவானவர்’ என்னும். தோட்டப்புறத்தில் ‘பாதிரியார்’ என்பதே வழக்கு. கோபுர உச்சியில் ஒருவர் மற்றவரின் கழுத்துப்பட்டையைப் பிடித்துத் தடுக்கும் நேரத்தில் இம்மூன்றனுள் ‘சாமி’ என்பதே பொருந்தும் போலும்.