ஆமையோட்டின் மறுபக்கம்: வைக்கிங் பெண்களின் ப்ரோச் மரபு

ஒன்பது, பத்தாம் நூற்றாண்டுகளின் ஸ்காண்டிநேவியப் பெண்ணொருத்தியின் கல்லறையைத் திறந்தால், தோள்பட்டை எலும்புகளுக்குக் கீழே இரண்டு வெண்கல ஓடுகள் கிடக்கும். முட்டை வடிவம், உள்ளங்கை அளவு, குவிந்த முதுகு. ஆய்வாளர்கள் இவற்றை நீள்வட்ட ப்ரோச் என்பார்கள். பழைய நூல்களில் இவற்றுக்கு ஆமை ப்ரோச் என்று பெயர். எப்போதும் ஜோடியாகவே அணியப்பட்டவை. உள்ளாடைக்கு மேல் அணிந்த தோள்பட்டி உடையின் முன்பட்டியையும் பின்பட்டியையும் இணைத்துப் பிடிப்பது இவற்றின் வேலை. ஒரு ப்ரோச்சிலிருந்து மற்றதற்குக் கண்ணாடி மணிகளும் செந்நிறக் கார்னீலியன் மணிகளும் சரமாகத் தொங்கும். ஒன்றிலிருந்து சிறு கத்தி, சாவி, ஊசிக்கூடு, கத்தரிக்கோல் என்று வீட்டு ஆட்சியே தொங்குவதும் உண்டு.

கி.பி. 922-இல் பாக்தாத் தூதுக்குழுவோடு வோல்கா நதிக்கரைக்குப் போன இப்னு ஃபத்லான், அங்கே கண்ட ரூஸ் (கிழக்கே சென்ற ஸ்காண்டிநேவியர்) பெண்கள் மார்பில் பேழை போன்ற ஒன்றை அணிந்ததையும், கணவனின் செல்வத்துக்கேற்ப அது இரும்பாகவோ செம்பாகவோ வெள்ளியாகவோ பொன்னாகவோ இருந்ததையும் எழுதினார். அவர் சொன்னது இந்த ப்ரோச்சுகளைத்தான் என்று பலர் கருதுகிறார்கள். ஆனால் அகழ்வில் கிடைத்த ஆயிரக்கணக்கான ஓடுகள் ஏறக்குறைய எல்லாமே செப்புக் கலவை. உலோகத்தை வைத்துத் தரம் பிரித்த அவருடைய கணக்கு, இந்த மரபுக்குப் பெரிதாக உதவாது.

அப்படியானால் எதை வைத்துத் தரம் பார்ப்பது? கலை வரலாற்று நூல்கள் ஓர் ஏணியைத் தருகின்றன: ஓசெபெர்க், போரெ, யெல்லிங், மாமென், ரிங்கெரிகெ, ஊர்னெஸ். ஒரு கப்பல் புதையல், ஒரு மேட்டுக் கல்லறை, ஒரு வெள்ளிக் கிண்ணம், ஒரு கோடரி, ஒரு மணற்கல் வட்டாரம், ஒரு தேவாலயக் கதவு. இவற்றிலிருந்து வந்த பெயர்கள் இவை. ஒன்றுகூட ப்ரோச்சிலிருந்து வரவில்லை. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 834-இல் புதைக்கப்பட்டு 1904-இல் தோண்டப்பட்ட ஓசெபெர்க் கப்பலில் கிடந்தவர்கள் இருவருமே பெண்கள். பழங்காலத்திலேயே கொள்ளை போன அந்தக் கல்லறையில் நகை எதுவும் மிஞ்சவில்லை. அரசகுலத்துக்கு மரம் செதுக்கியவர்களின் பாணியை, ஊர்ச் சந்தையில் வெண்கலம் வார்த்தவர்களின் தலையில் ஏற்றித் தேதி சொல்வது எனக்கு ஒப்பவில்லை. ப்ரோச்சுக்கு அதன் சொந்தக் கடிகாரம் உண்டு.

அந்தக் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தவர் நார்வேயின் யான் பெட்டர்சன். 1928-இல் வைக்கிங் கால நகைகளை வகைப்படுத்தி எண் கொடுத்தார். ‘பி 37’, ‘பி 51’ என்று இன்றும் அருங்காட்சியகச் சீட்டுகளில் நிற்பவை அவர் பெயரின் முதலெழுத்தும் அவர் இட்ட எண்ணும்தான். 1985-இல் ஸ்வீடனின் இங்மார் யான்சன் பிர்கா நகரத்து ப்ரோச்சுகளை வைத்து அந்த அடுக்கை நுணுக்கமாகச் சீர்செய்தார்.

வைக்கிங் காலத் தொடக்கத்தில் நிற்பது பெர்தால் வகை. நார்வேயிலுள்ள ஓர் ஊரின் பெயர் அது. ஆனால் அதன் வார்ப்பு அச்சுகள் ஏராளமாக உடைந்து கிடப்பது டென்மார்க்கின் ரீபே சந்தை நகரில். ஒற்றை ஓட்டின் மேல் சின்னஞ்சிறு விலங்குகள், தம் கழுத்தையோ சட்டத்தின் விளிம்பையோ நகங்களால் இறுகப் பற்றியபடி இருக்கும். ‘பற்றும் விலங்கு’ என்று ஆய்வாளர்கள் சொல்லும் இந்த உருவத்தில் குறும்பு இருக்கிறது, உயிர் இருக்கிறது. முழு மரபிலும் என் மனம் கவர்ந்தது இந்தத் தொடக்கக் காலம்தான்.

அடுத்து வந்த பி 37 சாய்சதுரக் கட்டங்களுக்குள் விலங்குகளை ஒழுங்காக அடுக்கியது. பத்தாம் நூற்றாண்டை ஆண்டதோ பி 51. ஐஸ்லாந்திலிருந்து ரஷ்ய நதிக்கரைகள் வரை இதுவே கிடைக்கிறது. அடியில் ஒரு வழவழப்பான ஓடு, அதன் மேல் துளைவேலை செய்த இன்னொரு ஓடு, இரண்டையும் இணைக்கும் ஆணிகள். மேலோட்டில் குமிழ்கள் எழும்பி நிற்கும். அவற்றுக்கிடையே வெட்டிய பள்ளங்களில் முறுக்கிய வெள்ளிக் கம்பி ஓடும். கீழோட்டுக்குத் தங்க முலாம் பூசினால், மேலோட்டின் துளைகள் வழியே அது மினுங்கும். பளபளப்பில் இதை மிஞ்ச எதுவும் இல்லை.

ஆனால் பி 51 நகலெடுத்தே வாழ்ந்தது. முன்பே வார்த்த ப்ரோச் ஒன்றைக் களிமண்ணில் அழுத்தி அச்செடுப்பார்கள், அதிலிருந்து அடுத்தது. களிமண் காயும்போது சுருங்குவதால் ஒவ்வொரு தலைமுறை நகலும் ஒரு நூல் சிறுத்து, விலங்கின் கண்ணும் நகமும் மழுங்கிக்கொண்டே போகும். கடைசிக் காலத்துப் பிரதிகள் சிலவற்றில் விலங்கு என்று சொன்னால்தான் விலங்கு. ஆகவே முதல் அளவுகோல் கூர்மை: பட்டறை அச்சை உளியால் திருத்தியதா, வந்தது வரட்டும் என்று விட்டதா? இரண்டாவது, சுவரின் மெல்லிமை. அச்சின் இரு பாதிகளுக்கிடையே துணியை வைத்து உலோகத்தின் கனத்தை முடிவு செய்தார்கள். பல ஓடுகளின் உட்புறத்தில் அந்தத் துணியின் நெசவு இன்றும் பதிந்திருக்கிறது. தடிமனாக வார்ப்பது எளிது. கைத்தேர்ச்சி மெல்லிய ஓட்டில் தெரியும்.

மூன்றாவது அளவுகோல் ஜோடிப் பொருத்தம். இதில் மட்டும் நான் கண்டிப்பு காட்டமாட்டேன். 2001-இல் இங்கிலாந்தின் டொன்காஸ்டர் அருகே அட்விக் என்ற ஊரில் கிடைத்த பெண்ணின் இரு ப்ரோச்சுகளும் ஒன்றுக்கொன்று ஜோடி அல்ல. கடல் தாண்டி வந்தவளாக இருக்கலாம் என்று அவள் பற்களின் வேதியியல் சொல்கிறது. ஜோடி சேராத இரண்டைச் சேர்த்தாவது இரண்டாக அணியவேண்டும் என்று அவள் நினைத்திருந்தால், மரபின் பிடி எவ்வளவு இறுக்கம்!

கண்ணாடிப் பேழைக்குள் முகம் மேலே பார்க்க வைத்திருக்கும் ப்ரோச்சை நான் பாதிதான் நம்புவேன். முதுகுப் பக்கத்தில் இரும்பு ஊசி துருப்பிடித்துக் கட்டியாகிக் கிடக்கும். அந்தத் துருவுக்குள் உடையின் மிச்சம் இருக்கும். வைக்கிங் பெண்கள் என்ன உடுத்தினார்கள் என்று நமக்குத் தெரிவதில் பெரும்பங்கு இந்தத் துருவிலிருந்து வந்தது. 1871 முதல் பிர்காவில் சுமார் 1,100 கல்லறைகளைத் தோண்டியவர் ஹியால்மார் ஸ்டோல்பே. அவற்றில் ஒட்டியிருந்த துணித்துண்டுகளை ஆராய்ந்து 1938-இல் நூலாக்கினார் ஆக்னெஸ் கேயர். ஊசியைச் சுற்றியிருந்த மெல்லிய லினன் வளையங்களிலிருந்துதான் தோள்பட்டி உடையின் அமைப்பே மீட்கப்பட்டது. அதே 1938-இல் கிழக்கு ஐஸ்லாந்தின் கெட்டில்ஸ்ஸ்டாதிரில் கிடைத்த இளம்பெண்ணின் கன்னத்துத் தோலைக்கூட ப்ரோச்சின் செப்பு அழுகாமல் காத்திருக்கிறது. நீலச் சாயமிட்ட உடை உடுத்திய அவளுக்கு அந்நாட்டு அருங்காட்சியகம் ‘நீல ஆடைப் பெண்’ என்றே பெயரிட்டது.

ஜோடி ப்ரோச்சுக்கு மேல் போர்வையைப் பிணைக்க மூன்றாவதாக ஒன்று வேண்டும். பள்ளிகள் பிரிவது இங்கேதான். மூவிலை வடிவம் பிராங்க் நாட்டு வீரர்களின் வாள்வார் இணைப்பிலிருந்து வந்தது. 1834-இல் நார்வேயின் ஹூன் பண்ணையில் கிடைத்த தங்கப் புதையலில் அத்தகைய அசல் ஒன்றே உண்டு. ஆணின் வாள்வாரில் இருந்ததைப் பெண்ணின் மார்புக்கு மாற்றி, பிறகு அதையே வெண்கலத்தில் நூற்றுக்கணக்கில் வார்த்தார்கள். அயர்லாந்துத் தேவாலயங்களிலிருந்து பெயர்த்து வந்த தகடுகளுக்குப் பின்னால் ஊசி வைத்து அணிந்ததும் நார்வேக் கல்லறைகளில் தெரிகிறது. அழகுதான்; கொள்ளைப் பொருள் என்பதையும் மறக்கமுடியாது. இருபுறமும் சமக்கை விரித்த வகையும் உண்டு; நகல் வேலைக்கு மேல் அதில் அதிகம் இல்லை.

கோட்லாந்து தீவு தனிப் பள்ளி. பெருநிலத்தார் ஆமையோடு அணிந்த காலத்தில் இந்தத் தீவுப் பெண்கள் விலங்குத் தலை வடிவ ப்ரோச்சுகளை ஜோடியாக அணிந்தார்கள். போர்வைக்கு முரசு போன்ற பெட்டி ப்ரோச். கிரோட்லிங்போவில் கிடைத்த பெட்டி ப்ரோச்சில் பொன்னும் வெள்ளியும் சேர்ந்து இழைகின்றன. ஒரு தீவே கூடி எடுத்த முடிவு போல, அடுத்த கரையின் மோகத்துக்கு அவர்கள் அசையவில்லை.

பொற்கொல்லர் பள்ளி வேறு உலகம். டென்மார்க்கின் ஹோர்னெலுண்டில் 1892-இல் கிடைத்த தங்க ப்ரோச்சுகள் மணித்துளியும் கம்பிவேலையும் நிறைந்தவை. ஹெடபி துறைமுகத்தின் சேற்றிலிருந்து, நாற்பதுக்கும் மேற்பட்ட வெண்கல அச்சுக்கட்டைகள் ஒரே இடத்தில் அள்ளப்பட்டன. தங்கத் தகட்டை அவற்றின் மேல் அழுத்தி உருவெடுத்து, அதன் மேல் கம்பி பதிப்பார்கள். ஆக, உயர்குலத்து நகைக்கும் அச்சுதான் அடிப்படை.

இங்கிலாந்துக்கு வந்தால் முதுகுப் பக்கம் மறுபடியும் பேசுகிறது. கிழக்கு மாவட்டங்களின் வயல்களில் உலோகம் தேடுபவர்கள் எடுத்த சிறு ப்ரோச்சுகளை ஜேன் கெர்ஷா தொகுத்து 2013-இல் நூலாக்கினார், ஐந்நூறுக்கும் மேற்பட்டவை. பலவற்றின் முகத்தில் போரெ பாணி முடிச்சுகளே. திருப்பினால் வேறுபாடு: குவிந்த தட்டும், ஊசிக்கு இரட்டைக் காதும், சங்கிலிக்கென்று தனி வளையமும் இருந்தால் ஸ்காண்டிநேவிய வழக்கம், தட்டையும் ஒற்றைக் காதும் என்றால் ஆங்கிலோ சாக்சன் வழக்கம். இங்கிலீஷ் கொல்லன் இங்கிலீஷ் ஆடைக்கேற்ற முதுகு வைத்து, முகத்துக்கு மட்டும் வைக்கிங் கோலம் போட்டிருக்கிறான்.

ஆமையோடு டென்மார்க்கில் முன்னதாகவும் மற்ற இடங்களில் 1000-ஆம் ஆண்டையொட்டியும் வழக்கொழிந்தது. ஆடையின் வெட்டு மாறியது. கிறிஸ்தவம் வந்தபின் பிணத்தோடு நகை வைப்பதும் நின்றது. பதினோராம் நூற்றாண்டில் ஊர்னெஸ் பாணி சிறு ப்ரோச்சுகள் வந்தன: மெலிந்த விலங்கொன்று தன்னைச் சுற்றிப் பின்னும் பாம்போடு, துளைவேலையாக. சாமர்செட்டின் பிட்னியில் கிடைத்தது இவற்றில் மிக நேர்த்தியானது; இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. கதவில் செதுக்கிய பாணி இங்கே முதன்முறையாகச் சாதாரணப் பெண்ணின் மார்பிலும் மழுங்காமல் வந்து சேர்ந்தது. கரேலியாவிலோ ஜோடி நீள்வட்ட ப்ரோச்சுகள் பன்னிரண்டு, பதின்மூன்றாம் நூற்றாண்டுகளிலும் தொடர்ந்தன. பற்றும் விலங்கின் இடத்தில் அங்கே நண்டு போன்ற ஓர் உருவம்.