பத்தாவது சுற்றிலும் குரல் மாறாத எஞ்சின்

ராட்சத மாதிரி விமானப் பந்தயத்துக்கு எஞ்சின் வாங்கப் போகிறவர் முதலில் கேட்பது, "எத்தனை குதிரைத்திறன்?" என்பதைத்தான். எந்தப் புரொபெல்லரை, எந்தக் காற்றில், எவ்வளவு நேரம் சுழற்றப் போகிறோம் என்பது முடிவான பிறகே அந்தக் கேள்விக்குப் பொருள் வரும். பினாங்கின் காற்றில் நின்று இந்தக் கலையின் பள்ளிகளை எடைபோட்டால் இது நன்றாகவே புரியும்.

முதலில் அளவுகள். ஒற்றை இறக்கை விமானமானால் இறக்கை நீளம் 80 அங்குலம், இரட்டை இறக்கையானால் 60 அங்குலம் இருந்தால்தான் 'ராட்சத அளவு' என்று அமெரிக்காவில் தொடங்கிய சங்கத்தார் வகுத்தார்கள். உலகெங்கும் அதுவே வழக்கமாகிவிட்டது. ஓட்டப் பாதையோ பெரிய விமானங்களிடமிருந்து வந்தது. கம்பங்களைச் சுற்றிப் பறக்கும் ரீனோ பந்தயம் 1964 முதல் 2023 வரை நெவாடா பாலைவனத்தில் நடந்தது. அதில் ஓடிய மஸ்டாங், டெக்ஸன் விமானங்களின் சிறு உருவங்களைச் செய்து கலிபோர்னியாவின் மடேராவில் ஓட்டத் தொடங்கியபோது இந்தப் பந்தயம் தனி மரபாகக் கிளைத்தது. சிறிய அளவில் இதன் தம்பி, உலக வானூர்திக் கூட்டமைப்பின் எஃப்3டி வகுப்பு: முக்கோணப் பாதையில் 400 மீட்டர் வீதம் 10 சுற்று, மொத்தம் 4 கிலோமீட்டர். தேர்ந்த விமானிகள் அதை ஒரு நிமிடத்துக்குள் முடித்துவிடுகிறார்கள்.

எஞ்சின் பள்ளிகளில் முதலாவது தோட்டத்திலிருந்து வந்தது. மரம் அறுக்கும் ரம்பத்துக்கும் புல் வெட்டும் மிசினுக்கும் செய்த இரண்டு ஸ்ட்ரோக் பெட்ரோல் எஞ்சின்களைக் கழற்றி விமானத்தில் பூட்டியவர்களின் பள்ளி அது. ஜப்பானின் ஜெனோவா ஜி-62 அதன் அடையாளச் சின்னம். செம்பனைத் தோட்டங்களில் வளர்ந்த நம்மவர்களுக்கு இந்த எஞ்சினின் சத்தம் புதிதல்ல. தோளில் தொங்கும் புல் வெட்டும் மிசினைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த கை, ஜி-62-ஐ ஒரே பார்வையில் புரிந்துகொள்ளும். ஃப்ளைவீல் சக்கரத்தில் பதித்த காந்தமே பொறி தருவதால் பேட்டரி வேண்டாம். ஆனால் அந்தச் சக்கரம் கனம். பொறி விழும் நேரமும் மாறாது. அதனால்தான் பந்தயக்காரர்கள் காந்தச் சக்கரத்தைக் கழற்றிவிட்டு மின்னணு இக்னிஷன் வைத்தார்கள். எடை குறைந்தது, ஆர்பிஎம் ஏற ஏறப் பொறியை முன்கூட்டியே விழச் செய்யவும் முடிந்தது.

இரண்டாம் பள்ளி, விமானத்துக்கென்றே எஞ்சின் வடித்தவர்களுடையது. ஜெர்மனியின் 3டபிள்யூ, செக் நாட்டின் இசட்டிஇசட், அரிசோனாவின் டெசர்ட் ஏர்கிராஃப்ட் மூன்றும் இதில் பெரிய பெயர்கள். எரிபொருளும் காற்றும் சேர்ந்த கலவை கிராங்க் அறைக்குள் நுழையும் வழியில்தான் இவற்றின் குணம் பிரிகிறது. ரீட் வால்வு வைத்த எஞ்சின் எந்த வேகத்திலும் இணக்கமாக ஓடும், எளிதில் ஸ்டார்ட் ஆகும். இசட்டிஇசட் சில வகைகளில் வைத்த சுழல் வால்வு, குறித்த ஆர்பிஎம்-இல் கூடுதல் மூச்சு வாங்கும். அதற்குக் கீழே முரண்டு பிடிக்கும். பந்தயத்தில் எஞ்சின் பெரும்பாலும் ஒரே வேகத்தில்தான் ஓடுகிறது என்பதால் சுழல் வால்வுக்கு ஒரு நியாயம் இருக்கிறது. இருந்தாலும் தரையிறங்கும்போது சீராக ஐடில் நிற்காத எஞ்சினை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

மூன்றாவது, குளோ பிளக் பள்ளி. ஒசாகாவில் 1936-இல் ஒகாவா ஷிகியோ தொடங்கிய ஓ.எஸ். முதல், எஃப்3டி பந்தயத்துக்கென்றே எஞ்சின் செய்த அமெரிக்காவின் நெல்சன் வரை இதில் அடங்கும். பிளாட்டினம் கம்பியும் மெத்தனாலும் சேர்ந்து தாமே பற்றிக்கொள்வதால் இதில் பொறி நேரத்தைத் திருப்ப ஒரு திருகும் கிடையாது. பிளக்கின் சூடு, சிலிண்டர் தலைக்கடியில் வைக்கும் மெல்லிய தகடு இரண்டையும் மாற்றித்தான் நேரத்தைப் பிடிக்க வேண்டும். இதன் எண்ணெய் மரபில் நம் விளக்கெண்ணெய்க்கும் பழைய இடம் உண்டு. இந்தப் பள்ளியின் அருமையான வேலைப்பாடு ஏபிசி சிலிண்டர்: அலுமினியப் பிஸ்டன், குரோம் பூசிய பித்தளைக் குழல், ரிங் கிடையாது. குழலின் மேல்வாய் மயிரிழை அளவு குறுகலாக இருக்கும். குளிர்ந்திருக்கையில் பிஸ்டன் அங்கே இறுகும். சூடேறியதும் பித்தளை அதிகம் விரிந்து சரியான இடைவெளி வந்துவிடும். அதனால் ரிங் உள்ள பெட்ரோல் எஞ்சினைப் பழக்குவது போல, கலவையை வழியவிட்டுக் குளிர்ச்சியாக இதை ஓட்டக் கூடாது. குளிர்ந்தபடி ஓடினால் இறுக்கம் தேய்ந்து போகும். அது திரும்பி வராது. இரண்டு பள்ளிக்கும் ஒரே பாடம் என்று நினைத்தவர்களிடம் நல்ல எஞ்சின்கள் பல வீணாகியிருக்கின்றன.

சீனாவின் டிஎல்இ எஞ்சின்கள் வந்த பிறகு விலை வெகுவாகக் குறைந்தது. மின்சார மோட்டார் வந்த பிறகு சத்தமும் குறைந்தது. இரண்டும் நல்லதே.

இனி டியூனிங். பினாங்கில் இதைச் செய்பவர் காற்றிலிருந்து தொடங்க வேண்டும். நூல்களும் கையேடுகளும் காட்டும் எண்கள் பெரும்பாலும் கடல்மட்டத்தில் 15 பாகை உலர்ந்த காற்றுக்கு உரியவை. நம் நண்பகலில் 32 பாகை வெயிலும் நிறைந்த ஈரப்பதமும் சேர்ந்தால் காற்றின் அடர்த்தி அதைவிடச் சுமார் 7 விழுக்காடு குறையும். எஞ்சினின் சக்தியும் ஏறக்குறைய அதே அளவு குறையும். கலவையோ எரிபொருள் மிகுந்து தானே சற்று ரிச் ஆகும். காலையில் பாயான் லெப்பாஸ் பக்கம் பிடித்த செட்டிங் பிற்பகலில் மந்தமாகத் தோன்றுவது இதனால்தான். அப்போது கார்புரேட்டர் ஊசியைக் கொஞ்சம் மூடலாம். ஆனால் மழை பெய்து காற்று குளிர்ந்ததும் மறக்காமல் திறந்துவிட வேண்டும்.

பெட்ரோல் எஞ்சினின் வால்ப்ரோ கார்புரேட்டரில் எல், எச் என்று இரண்டு ஊசிகள். இரண்டையும் ஒன்றரைச் சுற்று திறந்து தொடங்குவது வழக்கம். முதலில் எல், ஐடிலிலிருந்து த்ராட்டில் கொடுத்ததும் இருமாமல் எழும் வரை அதைத் திருத்த வேண்டும். பிறகு முழு த்ராட்டிலில் எச். ஆர்பிஎம் மீட்டரில் உச்சத்தைக் கண்டுபிடித்து, அங்கிருந்து 200 ஆர்பிஎம் வரை இறங்கும்படி ஊசியைத் திறக்க வேண்டும். உச்சத்திலேயே விடுவதுதான் பொதுவாக நடக்கும் தவறு. வானில் ஏறியதும் புரொபெல்லரின் சுமை குறைந்து ஆர்பிஎம் கூடும், கலவை எரிபொருள் குறைந்து லீன் ஆகும். தரையில் அழகாகப் பாடிய எஞ்சின் மூன்றாவது சுற்றில் பிஸ்டனைக் கடித்துக்கொள்ளும். பறந்து வந்ததும் என்ஜிகே பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். இளம் பழுப்பு நலம். வெள்ளை ஆபத்து.

இத்தனையும் சரியாக இருந்தும் எஞ்சின் வானில் மாறி நடந்தால், குற்றவாளி பெரும்பாலும் ஒரு சிறு துளை. கார்புரேட்டரின் ஒரு பக்கத் தகட்டின் நடுவில் குண்டூசி நுழையும் அளவில் அது இருக்கும். உள்ளே மெல்லிய சவ்வு. வெளிக்காற்றின் அழுத்தத்துக்கும் உள்ளே இழுக்கும் உறிஞ்சலுக்கும் நடுவில் ஏறி இறங்கி, பெட்ரோல் வரும் வாயை அதுதான் திறந்து மூடுகிறது. மணிக்கு 200 கிலோமீட்டரில் பறக்கும் விமானத்தின் மூக்கில் மோதும் காற்று ஏறத்தாழ 18 சென்டிமீட்டர் நீர்மட்டத்துக்குச் சமமாக அழுத்தும். அது சவ்வைத் தொட்டால் கலவை ரிச். மாறாக மூக்கு மூடிக்குள் உறிஞ்சல் உண்டானால் லீன். அந்தத் துளையில் சிறு பித்தளைக் குழாயைப் பற்றவைத்து, ரப்பர் குழாய் வழியே விமான உடலுக்குள் காற்று அசையாத இடத்துக்குக் கொண்டுபோய் விட்டால் தீர்ந்தது. சில ரிங்கிட் செலவுதான். விலை உயர்ந்த எஞ்சினுக்கு மாறுவதைவிட இது அதிகம் தரும்.

புரொபெல்லரிலும் கணக்கு நேரடியானதுதான். 10,000 ஆர்பிஎம்-இல் மணிக்கு 250 கிலோமீட்டர் வேண்டுமானால் பிட்ச், அதாவது ஒரு சுழற்சியில் முன்னேறும் தூரம், 16 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. விட்டம் 18 அங்குலமானால் நுனி ஒலியின் வேகத்தில் பத்தில் ஏழு பங்கைத் தொட்டுவிடும். அதற்கு மேல் சுழற்றினால் சக்தியெல்லாம் சத்தமாகவே போகும். டியூன்டு பைப் என்னும் புகைக்குழாயை வைப்பவர்கள் இடத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். அதே 10,000 ஆர்பிஎம்-க்கு பைப்பின் நீளம் சுமார் 70 சென்டிமீட்டர் வரும். விமானத்தின் வயிற்றில் அதற்கு இடமும், சூடான காற்று வெளியேற நுழைவாயைவிட இரு மடங்காவது பெரிய திறப்பும் வேண்டும்.

எஞ்சினைத் திறந்து சீண்டுவதே கலை என்று நினைப்போர் உண்டு. பெரிய விமானங்களின் உலகம் வேறு முடிவுக்கு வந்திருக்கிறது. 2014 மே மாதம் புத்ராஜெயா ஏரிக்கு மேல் ரெட்புல் விமானப் பந்தயம் நடந்தபோது எல்லா விமானிகளுக்கும் ஒரே லைக்கமிங் எஞ்சின், ஒரே ஹார்ட்செல் புரொபெல்லர்தான். அந்த ஆண்டில் வந்த விதி அது. அன்று வென்ற நைஜல் லாம்ப் பாதையின் கோட்டைத் துல்லியமாகப் பிடித்து வென்றார்.

பினாங்கில் இந்தப் பந்தயம் வேரூன்ற வேண்டுமானால் அதே வழியே சரி என்று நினைக்கிறேன். 1972 முதல் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் மைக்ரோமீட்டரோடு வேலை பார்த்த கைகள் இங்கே நிறைய உண்டு. திறமைக்குக் குறைவில்லை, தேவை ஒரே விதி. 55 சிசி வரையான ஒற்றை சிலிண்டர் எஞ்சின், திறக்கப்படாத சிலிண்டர், எல்லோருக்கும் ஒரே புரொபெல்லர், ஓடும் முன் எல்லார் முன்னிலையிலும் ஆர்பிஎம் அளவு. பறக்கும் இடத்தைச் செபராங் பிறைப் பக்கம் தேடுங்கள். தீவில் விமான நிலையமும், அக்கரையில் பட்டர்வொர்த் விமானப்படைத் தளமும் இருப்பதை மறக்க வேண்டாம். 400 அடிக்கு மேல் போவதானாலும், விமானம் 20 கிலோவைத் தாண்டினாலும், மலேசிய சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதியை எஞ்சின் வாங்கும் முன்பே எழுதிக் கேட்டு வாங்கிவிடுங்கள்.