ஆர்டென் மலையின் மஞ்சள் கல்

சவரக்கத்தி தீட்டும் கற்களில் பேரழகி, பெல்ஜியத்தின் ஆர்டென் மலைப்பகுதியில் வியல்சாம் ஊரைச் சுற்றிக் கிடைக்கும் கோட்டிக்யூல். அதை நனைத்துத்தான் பார்க்க வேண்டும். உலர்ந்தபோது மங்கிக் கிடக்கும் மேற்பரப்பு, நீர் பட்டதும் வெண்ணெய் நிறத்தில் ஒளிரும். அதன் அடியிலேயே கருநீலமும் ஊதாவும் கலந்த பலகைக்கல். சுமார் 48 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்த சேறு, மலை எழுந்தபோது இறுகி இப்படி ஆயிற்று. ஊதா, ஹெமடைட் என்னும் இரும்புத் தாது தந்தது. மஞ்சளில் இருப்பவை அப்பிரகமும் மாங்கனீஸ் கலந்த கார்னெட் மணிகளும்.

என் கண் முதலில் போவது இரண்டு நிறமும் சந்திக்கும் பக்கவாட்டுக்குத்தான். மஞ்சள் அடுக்கு பல இடங்களில் சில சென்டிமீட்டர் கனமே இருப்பதால், பலகைக்கல்லில் ஒட்டி விற்பது பழைய வழக்கம். அதில் எல்லை நேர்கோடாக, பசைத் தடத்தோடு இருக்கும். இயற்கையாகவே சேர்ந்து பிறந்த கல்லிலோ எல்லை ஏறி இறங்கும். மஞ்சள் ஊதாவுக்குள் கசிந்து கரையும். எத்தனை முறை திருப்பிப் பார்த்தாலும் அந்த விளிம்பு அலுப்பதில்லை.

சில கற்களின் முகத்தில் கறுப்பாகக் கிளைவிட்ட கோலங்கள் தெரியும். செடியின் சுவடு போலிருந்தாலும் அவை விரிசல் வழியே ஊறிய மாங்கனீஸ்தான். பெரும்பாலும் அவற்றால் கத்திக்குக் கெடுதல் இல்லை. அஞ்ச வேண்டியது குறுக்கே ஓடும் குவார்ட்ஸ் நரம்புக்கு. நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் தட்டினால் கத்தியின் வாயும் தட்டும்.

கார்னெட் மணிகளைக் கண்ணால் காண முடியாது. பெரும்பாலானவை 5 முதல் 15 மைக்ரான். பன்னிரண்டு முகம் கொண்டு ஏறக்குறைய உருண்டிருப்பதால் எஃகை ஆழமாகக் கீறாமல் மேலாகவே தேய்க்கின்றன. ஒரே நிறக் கற்கள் இரண்டில் ஒன்று மணிகளைச் சட்டென உதிர்க்கும், மற்றது இறுகப் பிடித்துக்கொள்ளும். சிறு கல்லால் நீர் விட்டுத் தேய்த்தால் அந்தக் குணம் வெளிப்படும். எழும் பால் கெட்டியாக இருக்கும்வரை கத்தி வேகமாகத் தேயும். சொட்டுச் சொட்டாக நீர் சேர்த்து, கடைசியில் வெறும் நீரில் முடித்தால் தோலில் உறுத்தாத கூர் கிடைக்கும்.

நிறம் கல்லின் பிறப்பைச் சொல்லும். கூரின் தரத்தைச் சொல்லாது. ஆகவே வாங்கும்போது அழகைக் கண்ணாரப் பாருங்கள், ஆனால் நரம்பில்லாத முகத்துக்கே விலை கொடுங்கள்.