அளவு பார்த்துத் தைத்த ஆட்டம்

கால்பந்தாட்டத்தைப் பற்றிக் கதை எழுதுகிறவன் பேச வந்தால், "உமக்கு இதில் என்ன ஐயா வேலை?" என்று வாசகர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் 2022-ஆம் வருஷம் மார்ச் மாதத்தில் ஜெர்மன் கால்பந்துச் சங்கம் செய்த ஒரு தீர்மானம், பந்தை மட்டும் பொறுத்த விஷயமல்ல. குழந்தைக்கு ஒரு வித்தையை எப்படிச் சொல்லிக் கொடுப்பது, யாருக்காகச் சொல்லிக் கொடுப்பது என்கிற பழைய வழக்கு அதிலே மறுபடியும் விசாரணைக்கு வந்திருக்கிறது. அந்த வழக்கில் வாய் திறக்க எனக்கும் கொஞ்சம் பாத்தியதை உண்டென்று நினைக்கிறேன்.

தீர்மானம் இதுதான்: 2024-25 பருவத்திலிருந்து சிறுவர் ஆட்டத்துக்குப் புது விதிகள் கட்டாயம். ஏழு வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் அணிக்கு இருவராகவோ மூவராகவோ ஆட வேண்டும். ஒன்பது வயதுக்கு உட்பட்டவர்கள் மூவர் அல்லது ஐவர். பதினொன்றுக்கு உட்பட்டவர்கள் ஐவர் அல்லது எழுவர். மூவர் ஆட்டத்தில் கோல்கள் இரண்டு அல்ல, நான்கு, எல்லாம் சின்னஞ்சிறியவை. ஒவ்வொரு கட்சியும் இரண்டு கோல்களைக் காக்க வேண்டும், இரண்டைத் தாக்க வேண்டும். கோல் கீப்பர் கிடையாது. எதிராளியின் பக்கத்துக்குள் போன பிறகுதான் கோல் அடிக்கலாம். ஒரு கோல் விழுந்ததும் இரு கட்சியிலும் முறைப்படி ஆள் மாற வேண்டும். பருவம் முழுவதும் புள்ளி சேர்த்து, கடைசியில் யார் முதல், யார் கடைசி என்று பட்டியல் போடும் வழக்கம் சின்ன வயதினருக்கு ரத்து.

இதன் தர்மம் புரியச் சிறு கணக்கு ஒன்று போதும். முன்பெல்லாம் அங்கே ஒன்பது வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் பெரும்பாலும் அணிக்கு ஏழு பேராக ஆடினார்கள். பதினான்கு பேருக்கு ஒரு பந்து. இருபது நிமிஷத்தைச் சமமாகப் பங்கு போட்டால்கூட ஒருவனுக்கு ஒன்றரை நிமிஷம் தேறாது. சமமாக யார் பங்கு போடுகிறார்கள்? சற்று முன்னால் பிறந்தவன், கால் நீண்டவன், இப்படி இரண்டு பேர் பந்தை எடுத்துக்கொண்டு ஓடுவார்கள். மற்றவர்கள் பின்னாலேயே ஓடுவார்கள், அல்லது ஓரமாக நின்று புல்லைப் பிடுங்கிக்கொண்டிருப்பார்கள். ஆறு பேருக்கு ஒரு பந்து என்றால் அதே இருபது நிமிஷத்தில் ஒருவன் பங்கு மூன்று நிமிஷத்துக்கு மேல். அதைவிட முக்கியம், மூன்று பேரில் ஒருவன் ஒளிந்துகொள்ள முடியாது. நாவலில் ஐம்பது பாத்திரங்கள் இருந்தால் நாற்பது பேர் வந்து நின்றுவிட்டுப் போய்விடலாம். மூன்று பேர் கதையில் ஒவ்வொருவரும் பேசியே தீரவேண்டும்.

நான்கு கோல் என்பது வேடிக்கைக்காக வைத்ததல்ல. ஹாக்கிப் பயிற்சியாளராக இருந்து கால்பந்துக்கு வந்த ஹோர்ஸ்ட் வைன் என்ற ஜெர்மானியர் பரப்பிய யோசனை இது. ஒரே கோல் இருந்தால் குழந்தை தலையைக் குனிந்துகொண்டு நேரே ஓடும். இரண்டு இருந்தால் நிமிர்ந்து பார்க்க வேண்டும். எந்தப் பக்கம் காவல் குறைவு என்று தீர்மானிக்க வேண்டும். கடைசி நொடியில் திரும்பவும் வேண்டும். பெரியவர்களுக்கு விதி என்பது வழக்குத் தீர்க்கும் நீதிபதி. குழந்தைகளுக்கு அது வாத்தியார். "பார், யோசி, திரும்பு" என்று கரையில் நின்று தொண்டை கிழியக் கத்துவதை, இந்த விதி சத்தமில்லாமல் செய்துவிடுகிறது.

ஆட்சேபம் வராமலா இருக்கும்? 2023-இல் டார்ட்மண்ட் கழகத்தின் தலைமை நிர்வாகியாகவும் கால்பந்துச் சங்கத்தின் உபதலைவர்களில் ஒருவராகவும் இருந்த ஹான்ஸ் யோவாக்கிம் வாட்ஸ்கே பகிரங்கமாகவே இதை எதிர்த்தார். ஆறு வயதிலும் ஒன்பது வயதிலும் தோல்வி என்றால் என்னவென்று அறியாத குழந்தைக்கு, ஜெயிக்கும் வலு எங்கிருந்து வரும் என்பது அவர் கேள்வி. மெதுவாக ஓடுகிற பிள்ளைகளிடமிருந்து உருண்டு போகாதபடி பந்தையே சதுரமாக்கிவிடுவார்கள் போலிருக்கிறது என்ற தோரணையில் கிண்டலும் செய்தார்.

கிண்டல் நன்றாகவே இருக்கிறது. வாதம்தான் இலக்குத் தவறிவிட்டது. புது ஏற்பாட்டில் பல சிறு மைதானங்களை வரிசையாகப் போட்டு, சில நிமிஷ ஆட்டங்களாக ஆடுகிறார்கள். ஜெயித்தவர்கள் ஒரு மைதானம் மேலே போகிறார்கள். தோற்றவர்கள் ஒரு மைதானம் கீழே இறங்குகிறார்கள். ஆகவே ஒரு பிற்பகலில் அந்தக் குழந்தை பழைய முறையைவிட அதிகம் தடவை தோற்கலாம். ஆனால் தோற்றவனுக்கு அடுத்தபடி தன் சமானமானவன் எதிரே வருகிறான். பன்னிரண்டு கோல் வாங்கி, அவமானத்தோடு வீட்டுக்குப் போய், அந்த அவமானம் பட்டியலில் மாதக்கணக்கில் தொங்குவது ஒரு தோல்வி. பத்து நிமிஷத்தில் திருப்பிக் கொடுக்கக் கூடியது இன்னொரு தோல்வி. முன்னது குழந்தையை உறுதியாக்கும் என்று சொல்வது, பட்டினி பசியை வளர்க்கும் என்று சொல்வது போலத்தான்.

இது ஜெர்மானியர்களின் தனிப் பைத்தியமும் அல்ல. இங்கிலாந்துச் சங்கம் 2012-இல் தீர்மானித்து ஐவர், எழுவர், ஒன்பதின்மர் என்று படிப்படியாக ஏற்றி, பதின்மூன்று வயதுக்கு உட்பட்டோர் பிரிவில்தான் பதினொருவர் ஆட்டத்தைத் தொடங்கியது. அமெரிக்கச் சங்கம் 2015-இல் அறிவித்து 2017-இலிருந்து கட்டாயமாக்கிய விதிகளில், எழுவர் ஆட்டத்துக்கு ஒரு தனிக் கோடு உண்டு. கோல் கீப்பர் கையில் பந்து வந்ததும் எதிர்க்கட்சி அந்தக் கோட்டுக்குப் பின்னால் போய் நிற்க வேண்டும்; கீப்பரும் பந்தை வானத்துக்கு உதைக்கக் கூடாது. பக்கத்திலிருப்பவனுக்குக் கொடுத்து ஆட்டத்தைக் கட்டட்டும் என்று நோக்கம். நார்வேயில் பதினொரு வயதுக்குக் கீழே பட்டியலும் தரவரிசையும் கூடாதென்று எல்லா விளையாட்டுக்கும் சேர்த்தே விதி.

வளர்கிற பையன்தானே என்று இரண்டு அங்குலம் கூட்டிச் சட்டை தைக்கச் சொல்லும் பழக்கம் நமக்கு உண்டு. துணிக்கு அது சிக்கனம். இருபத்துநாலு அடி அகலமும் எட்டு அடி உயரமும் உள்ள கோலை நாலடி உயரக் குழந்தையின் தலைக்கு மேல் நிறுத்துவது எதில் சேர்த்தி? அங்கே தலைக்கு மேலே போட்டவன் கோல் அடித்துவிடுகிறான். வித்தை கற்றதாக ஆகாது.

சீர்திருத்தத்திலும் குறை இல்லாமல் இல்லை. கோல் காப்பதில்தான் ஆசை என்று வரும் குழந்தை சில வருஷம் காத்திருக்க வேண்டியிருக்கிறது. வாரக் கடைசியில் சம்பளமில்லாமல் உழைக்கும் தொண்டர்களை நம்பியிருக்கும் சின்னக் கழகங்களுக்கு, அத்தனை குட்டிக் கோல்களை வாங்குவதும் நட்டுப் பிடுங்குவதும் பாரம். தெருவிலே பிள்ளைகள் தாமே செய்துகொண்ட ஆட்டத்தை, பெரியவர்கள் தீர்மானம் போட்டு மைதானத்துக்குள் கூட்டி வர வேண்டியதாயிற்றே என்ற வருத்தமும் எனக்கு உண்டு.

இவற்றைவிடப் பெரிய குறை, சீர்திருத்தத்தை ஆதரிக்கிறவர்கள் சொல்லும் காரணத்தில் இருக்கிறது. 2014-இல் உலகக் கோப்பையை வென்ற ஜெர்மனி 2018-இலும் 2022-இலும் முதல் சுற்றோடு வீடு திரும்பியது. ஆகவே நாளைய வீரர்களை உண்டாக்க இந்த வழி என்கிறார்கள். சந்தோஷமும் உண்டு, கோப்பையும் உண்டு என்று இரண்டையும் சேர்த்தே சொல்கிறார்கள். அங்கேதான் ஆபத்து. 2024-இல் ஏழு வயதான குழந்தைக்கு இருபத்தொரு வயதாவது 2038-இல். அதற்குள் இரண்டு உலகக் கோப்பைகள் கைநழுவினால், "குட்டிக் கோல் வைத்துக் கெடுத்துவிட்டீர்கள்" என்று வாட்ஸ்கேயின் கட்சியார் திரும்ப வருவார்கள். கோப்பையைச் சாட்சிக்கு அழைத்தவர்கள் அப்போது என்ன பதில் சொல்வார்கள்?

மைதானத்துக்கு வரும் லட்சக்கணக்கான குழந்தைகளில் தேசத்துக்கு ஆடப்போகிறவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மற்றவர்களுக்கும் சேர்த்துத்தான் விதி. பந்து காலில் படாமல் ஓரத்தில் நின்றவனுக்கு இப்போது பந்து கிடைக்கிறது. அடுத்த சனிக்கிழமையும் வருகிறேன் என்கிறான். இந்த ஒரு காரணத்தைச் சொல்லியே அந்த விதியைக் காப்பாற்றலாம். அதைச் சொல்ல அவர்கள் ஏன் கூச்சப்படுகிறார்கள் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.