பெயரிழந்த பாடல்கள்

ஒரு பாடல் எத்தனை இல்லங்களைச் சென்றடைந்தது என்று நாம் பெருமையுடன் கணக்கிடுகிறோம். அதை எழுதியவரின் பெயர் எத்தனை இல்லங்களைச் சென்றடைந்தது என்று கணக்கிட்டுப் பார்ப்பதில்லை. பார்த்தால் தலைகுனிய நேரும். இஸ்லாமியத் தமிழ்ப் பாடல்கள் இன்று விலையின்றி எவர் கைக்கும் கிட்டுகின்றன. கிட்டும்போதே அவை தம் ஆசிரியரை இழந்துவிடுகின்றன. இந்த இழப்பைப் பற்றியே இங்கு ஆராய முற்படுகிறோம்.

சென்னை–அரக்கோணம் இருப்புப்பாதையில் ஆவடியைத் தாண்டி வரும் பட்டாபிராமில் வாழும் நாம், இம்மாற்றத்தின் ஒவ்வொரு படியையும் கண்டிருக்கிறோம். கேசட் காலத்தில், விரும்பிய பாடல்களின் பட்டியலைக் கடையில் எழுதிக் கொடுத்தால் வெற்று நாடாவில் பதிந்து தருவார்கள். பிறகு குறுந்தகடு வந்தது. அதன்பின் செல்போன் கடையில் மெமரி கார்டு ஒன்றை நீட்டினால், சில ரூபாய்க்கு நூற்றுக்கணக்கான பாடல்களை ஏற்றித் தந்தனர். இன்று அந்தச் செலவும் இல்லை. ஸஹர் நேரத்தில் ஒருவர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் பாடல், விடிவதற்குள் மஹல்லா முழுவதும் பரவிவிடுகிறது.

நாகூர் ஈ.எம். ஹனிபா (1925–2015) அவர்களின் குரலை அறியாத தமிழ் முஸ்லிம் குடும்பம் இருக்க முடியாது என்று துணிந்து கூறலாம். அக்குரல் ஏந்தி வந்த சொற்களை ஆக்கியோர் யாவர் என்று கேட்டால்தான் அவையில் அமைதி நிலவுகிறது. புலவர் ஆபிதீன், நாகூர் சலீம் போன்ற கவிஞர்கள் அவருக்காக எழுதினார்கள். அவர்களுடைய வரிகள் நம் வீட்டுப் பெண்களின் நாவிலும் குழந்தைகளின் நாவிலும் உள்ளன. பெயர்கள் மட்டும் இல்லை. இதே ஹனிபா அவர்கள் 1961-இல் வெளிவந்த ‘பாவ மன்னிப்பு’ படத்தில் டி.எம். சௌந்தரராஜனுடன் இணைந்து பாடினார்கள். அப்படத்தின் பாடல்களை எழுதியவர் கண்ணதாசன் என்பதைப் பலரும் தயங்காமல் சொல்வார்கள். வானொலி அறிவிப்பாளர்கள் பாடலுக்கு முன்னே பெயர்களைச் சொல்லிச் சொல்லி நம் நினைவில் பதித்த பயன் அது. ஒரு பெயரைச் சொல்ல ஆகும் நேரம் மிகச் சொற்பம். சொல்லாமல் விட்டதால் ஏற்பட்ட இழப்போ ஒரு தலைமுறைக் கவிஞர்கள்.

படியெடுப்பதே குற்றம் என்று வாதிட நாம் வரவில்லை. படியெடுத்தல் இன்றேல் தமிழிலக்கியமே இல்லை. உமறுப் புலவரின் சீறாப்புராணம் ஓலைச் சுவடிகளில் படி மேல் படியாக எழுதப்பட்டே வாழ்ந்தது. 1842-இல் புலவர் நாயகம் செய்கு அப்துல் காதிறு நயினார் லெப்பை ஆலிம் அவர்கள் அதை அச்சேற்றியதும் அந்தச் சுவடிகளின் துணை கொண்டுதான். எந்தப் படியும் உமறு என்ற பெயரை உதிர்த்துவிட்டுக் காவியத்தை மட்டும் கொண்டு வரவில்லை. ஆக்கியவரின் பெயர் இருக்கட்டும், ஆதரித்த அபுல் காசிம் மரைக்காயரின் பெயரையும் புலவர் காவியத்தினுள்ளேயே பதித்து வைத்தார். சுவடியை அழித்தாலன்றி அப்பெயரை அழிக்க இயலாது.

பாடலுக்குள்ளேயே பெயரை வைக்கும் இவ்வழக்கத்தை நம் முன்னோர் ‘முத்திரை’ என்றனர். குணங்குடி மஸ்தான் சாகிபு அவர்களின் பாடல்களில் ‘குணங்குடி’ என்னும் சொல் அவ்வாறே வருகிறது. ஒலிப்பதிவுத் தொழில் இந்நாட்டில் காலூன்றியபோதும் இம்மரபு வேறோர் உருவில் தொடர்ந்தது. 1902-இல் ஃபிரெட் கெய்ஸ்பர்க் என்பவர் கிராமபோன் நிறுவனத்துக்காகக் கல்கத்தாவில் பாடல்களைப் பதிவு செய்தார். அப்போது பாடிய கௌஹர் ஜான் என்னும் புகழ்பெற்ற பாடகி, பாட்டின் முடிவில் தம் பெயரைத் தாமே ஆங்கிலத்தில் அறிவித்தார். தட்டுகள் ஜெர்மனியின் ஹானோவர் நகரத் தொழிற்சாலையில் அச்சாகும்போது, எது யாருடைய பாட்டு என்று அங்குள்ளோர் அறிவதற்காக ஏற்பட்ட ஏற்பாடு அது. தேவைக்காகச் செய்ததாயினும் அதன் பலன் பெரிது. நூற்றிருபது ஆண்டுகள் கடந்தும், அத்தட்டை எவர் எத்தனை முறை படியெடுத்தாலும், அப்பெயரும் உடன் வருகிறது.

கேசட் வந்தபோது பெயர் ஒலியை விட்டு நீங்கி, பெட்டிக்குள் வைத்த அட்டைக்குச் சென்றது. அட்டையில்லாத படி பெருகியபோது பெயர் பாதி வழியில் நின்றது. ஒலியை ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காகச் சுருக்கும் எம்.பி.3 முறை பரவி, 1999-இல் அமெரிக்காவில் நாப்ஸ்டர் என்னும் பகிர்வுச் சேவை தொடங்கியபின், பாடல் உலகெங்கும் இலவசப் பொருளாயிற்று. இசை நிறுவனங்கள் தொடுத்த வழக்கால் 2001-இல் நாப்ஸ்டர் மூடப்பட்டது. பகிரும் பழக்கம் மூடப்படவில்லை. விந்தை யாதெனில், எம்.பி.3 கோப்பினுள்ளேயே பாடியவர், இசையமைத்தவர், எழுதியவர் பெயர்களைப் பொறிக்க இடம் உண்டு. இடம் இருந்தும் எழுதுவாரில்லை. ‘பாடல் 1’, ‘பாடல் 2’ என்ற எண்களோடு அவை அநாதைகளாக ஊர் சுற்றுகின்றன. கைப்பேசியின் ஸ்டேட்டஸுக்காகச் சுருக்கி வெட்டப்படும்போது, இறுதிக் கண்ணியில் முத்திரை இருந்தால் அதுவும் போய்விடுகிறது.

இப்பழி முழுவதையும் பகிர்வோர் மேல் சுமத்தினால் அது நீதியாகாது. ஒலிப்பதிவு நிறுவனங்கள் கவிஞருக்கு ஒருமுறை ஒரு தொகையைக் கொடுத்து, உரிமை முழுவதையும் எழுதி வாங்கிக்கொள்வதே நெடுங்கால வழக்கம். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில், திருட்டுப் பதிவுகளைத் தடுப்பதற்காக 1984-இல் ஒரு விதி சேர்க்கப்பட்டது. ஒலிப்பதிவின் மீது தயாரித்தவரின் பெயரும், பதிப்புரிமைக்கு உரியவரின் பெயரும், முதலில் வெளிவந்த ஆண்டும் இருக்க வேண்டும் என்பது அவ்விதி. உரிமையை விற்றுவிட்ட கவிஞரின் பெயரை அது கேட்கவில்லை. உரிமையை விற்ற பின்னும் ஆக்கியோன் தானே என்று கூறும் உரிமை படைப்பாளிக்கு உண்டு என்று அதே சட்டத்தின் 57-ஆம் பிரிவு கூறுகிறது; எழுத்தில் இருந்த அவ்வுரிமை அட்டையில் ஏறியது எத்தனை முறை? 2012-ஆம் ஆண்டுத் திருத்தம்தான், கவிஞரும் இசையமைப்பாளரும் பெறும் ராயல்டி பங்கை நிறுவனத்துக்கு எழுதிக் கொடுக்க இயலாது என்று ஆக்கியது. அதற்குள் கேசட் காலமே முடிந்திருந்தது.

ஆக, நிறுவனம் கவிஞரிடமிருந்து எடுத்தது. நாம் நிறுவனத்திடமிருந்து எடுத்தோம். இரு வழக்காடிகளும் ஒருவரையொருவர் திருடர் என்று ஏசிக்கொண்டிருக்க, மூன்றாமவராகிய கவிஞர் இரு தரப்பிலும் இழந்து நிற்கிறார். இலவசம் என்று நாம் மகிழ்வது, வேறொருவர் நமக்காகச் செலுத்திய விலையேயன்றி வேறில்லை.

வேறு எச்சமுதாயம் இதைப் பொறுத்தாலும் நம் சமுதாயம் பொறுக்கலாகாது. ஏனெனில் பெயரைக் கடத்துவதையே ஒரு கலையாக, ஒரு கடமையாக வளர்த்தவர்கள் நாம். நபிமொழி ஒன்றை ஏற்பதற்கு முன், அதை யார் யாரிடம் கேட்டார் என்ற ‘இஸ்நாத்’ என்னும் அறிவிப்பாளர் தொடரை ஆராய்ந்தார்கள் நம் இமாம்கள். ஒரு நூலை மாணவர் பிறருக்குக் கற்பிக்க, ஆசிரியரின் ‘இஜாஸத்’ என்னும் அனுமதி வேண்டும் என்றார்கள். அறிவைத் தடையின்றிப் பரப்புவதும், அது யாரிடமிருந்து வந்தது என்பதைக் காப்பதும் முரண்பட்டவை அல்ல என்பதை ஆயிரம் ஆண்டுகளாக நிலைநாட்டிய மரபு இது. உழைத்தவனின் கூலியைத் தாமதிக்கலாகாது என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் போதித்ததையும் நாம் அறிவோம். 1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, நூலாசிரியரின் உரிமையும் கண்டுபிடிப்பாளரின் உரிமையும் ஷரீஅத்தின் பாதுகாப்புக்கு உரியவை, அவற்றை மீறலாகாது என்று தீர்மானித்தது. ஆகவே இது சர்க்கார் சட்டம் மட்டும் அன்று. ‘ஹக்’ எனப்படும் அடியார்களின் உரிமையும் ஆகும்.

“இறைவனையும் இறைத்தூதரையும் போற்றும் பாடலுக்கு விலை பேசலாமா? கவிஞர் அதை நன்மையை நாடித்தானே எழுதினார்?” என்று சிலர் வினவுவர். நல்ல வினா. கவிஞர் தம் பாடலை நிலையான தர்மமாக, ஸதக்கா ஜாரியாவாக வழங்கியிருந்தால் அது அவருக்குப் பெருஞ்சிறப்பு. எனினும் தர்மம் செய்யும் உரிமை பொருளுக்கு உடையவருக்கே உண்டு. பிறர் பொருளை அவர் அறியாமல் எடுத்து, அவர் பெயரால் தர்மம் செய்து, அவர் பெயரையும் மறைத்துவிடுவதை எந்த அறநூல் ஏற்கும்? மேலும், சட்டம் ஏழையின் செவியை அடைக்கவுமில்லை. ஒலிப்பதிவின் உரிமைக்காலம் 60 ஆண்டுகள். 1960-இல் வெளிவந்த இசைத்தட்டின் உரிமை 2020 இறுதியில் முடிந்துவிட்டது. ஆனால் பாடல் வரிகளின் உரிமை, எழுதியவர் மறைந்து 60 ஆண்டுகள் வரை அவர் குடும்பத்தினுடையதாகவோ அவரிடமிருந்து பெற்றவருடையதாகவோ இருக்கிறது. பெயருக்கோ காலவரம்பே இல்லை.

2024 நவம்பரில் நம் பட்டாபிராமில் 21 மாடி டைடல் பூங்கா திறக்கப்பட்டது. அத்தகைய இடங்களில் பணிபுரியும் நம் பிள்ளைகள் எழுதும் மென்பொருளை, இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் ‘இலக்கியப் படைப்பு’ என்றே வகுத்துள்ளது. கவிஞரின் பாட்டும் பொறியாளரின் நிரலும் ஒரே விதியின் நிழலில் நிற்கின்றன. தம் உழைப்புக்கு ஊதியமும் உரிய மதிப்பும் வேண்டும் என்று கருதும் இளைஞர், மாலையில் வீடு திரும்பி, புலவர் ஒருவரின் உழைப்பைப் பெயரின்றிப் பகிர்வது என்ன நியாயம்?

நாம் வேண்டுவது பெருஞ்செயல் அன்று. உரிய வழியில் கிடைக்கும் பாடலை அவ்வழியில் பெறுவோம். மீலாது மேடையிலும் நிக்காஹ் மன்றத்திலும் பாடல் ஒலிக்குமுன் எழுதியவரின் பெயரை ஒருவர் அறிவிக்கட்டும். பாடலொன்றை அனுப்புவோர் அதன் கீழே கவிஞர், இசையமைப்பாளர், பாடகர் ஆகிய மூவர் பெயரையும் எழுதட்டும். எல்லாவற்றினும் அவசரமான பணி ஒன்றுண்டு. நம் வீட்டுப் பரண்களில் பழைய கேசட்டுகள் இருக்கின்றன. நாடா பூஞ்சை பிடித்துப் பாடாமற் போயிருக்கலாம். உள்ளிருக்கும் அட்டையில் பெயர்கள் இன்னும் வாசிக்கும் நிலையில் இருக்கலாம். பழைய பொருள் வாங்குவோரிடம் அவற்றைப் போடுமுன், அந்த அட்டைகளைப் படமெடுத்து, பெயர்களை ஒரு நோட்டில் எழுதி வைப்போம். அப்பாடல்களைக் கேட்டு வளர்ந்த பெரியவர்கள் நம்மிடையே இருக்கும்போதே அவர்களிடமும் கேட்டுக் குறித்துக்கொள்வோம்.

பாட்டை நாம் காப்பாற்றிவிட்டோம். ஆயிரக்கணக்கான கைப்பேசிகளில் அது பத்திரமாக உள்ளது. பாடியவரை மறக்கவில்லை. எழுதியவருக்குச் செலுத்த வேண்டிய அமானிதம்தான் இன்னும் நம் கையிலேயே தங்கியிருக்கிறது.